சும்மா இருக்கத் தெரிந்த அடாப்டர்

காலை எட்டு மணி பத்து நிமிடம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு புதிய மடிக்கணினி. ஒரு பெண் அதன் விளிம்பைச் சுற்றிச் சுட்டுவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பவரைப் போல இருந்தது.

“அந்த ஓட்டை இல்லை அண்ணை,” என்றார் என்னைப் பார்த்து. “பழையதில இருந்தது. இதில வைக்காம விட்டிட்டாங்கள்.”

அவர் நுவரெலியாவில் அரசாங்க வேலையில் இருந்த கேட்டல் பரிசோதகர். யாழ்ப்பாணத்துக்காரர். மாதத்தில் ஒரு நாள், தன் விடுமுறையில், தோட்டங்களில் நாங்கள் நடத்திய காது முகாமுக்கு வருவார். நாங்கள் என்பது அட்டனில் இரண்டு அறைகளுக்குள் இயங்கிய ஒரு சிறிய தொண்டு அமைப்பு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு நான் அதில் வெளிக்கள அலுவலராகச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. பழைய மடிக்கணினி செத்துப்போனதால் யாரோ ஒரு புரவலர் புதியதொன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்.

அவர் தேடிய ஓட்டை, ஒன்பது ஊசிகள் கொண்ட செருகி போகும் இடம். சீரியல் போர்ட் என்பார்கள். காதில் மாட்டும் கேட்கும் கருவியை ஆளுக்கு ஆள் சரிசெய்ய வேண்டும். எந்தச் சுருதியில் ஒருவருக்குக் கேட்கவில்லையோ அந்தச் சுருதியை மட்டும் உயர்த்தி, அந்தக் கட்டளையைக் கருவியின் நினைவில் எழுத வேண்டும். எழுதுவதற்கு உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி ஒன்பது ஊசிச் செருகியோடு மட்டும்தான் பேசும். புதிய கணினியில் இருந்ததோ தட்டையான யூ.எஸ்.பி. வாய்கள். இரண்டையும் இணைக்க ஒரு முழ நீளத்தில், நீலக் கண்ணாடி நிறத்தில் ஒரு அடாப்டரை, எதற்கும் இருக்கட்டுமென்று, அவர் கண்டியில் வாங்கி வந்திருந்தார். பொருத்தியதும் திரையில் பெட்டி தெரிந்தது. வாசலில் மர வாங்குகளில் முறைக்குக் காத்திருந்தவர்கள் நிம்மதியானார்கள், நானும்தான்.

முதல் ஆள், தேயிலை அரைக்கும் ரோலர்களுக்கு நடுவில் பல வருடம் நின்று செவிடாகியிருந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அவருடைய கருவிக்குக் கட்டளை போனது. திரையில் ‘எழுதி முடிந்தது’ என்று வந்தது. பரிசோதகர் கருவியை அவர் காதில் மாட்டினார்.

“கேக்குதோ ஐயா?”

“கேக்குதுங்க மிஸ். நல்லா கேக்குது.”

பரிசோதகர் ஒரு காகிதத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு, “உங்கட பேர் என்ன?” என்றார்.

“நல்லா கேக்குதுங்க,” என்றார் அவர், சிரித்த முகத்தோடு.

பரிசோதகர் கருவியைக் கழற்றினார். பெட்டரியை மாற்றினார். தன் காதிலேயே வைத்துப் பார்த்தார். அது ஊமையாகியிருந்தது. பாதி எழுதும்போது அடாப்டரில் எங்கோ பேச்சு அறுந்திருக்கிறது. அறுந்ததைச் சொல்லாமல் அடாப்டர் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றிருக்கிறது. அவர் நீலக் கம்பியைப் பிடுங்கி மேசை ஓரத்தில் வைத்தார்.

“இண்டைக்கு ஒருத்தருக்கும் எழுத மாட்டன். சோதனை மட்டும் செய்யிறன். இன்னொரு மெஷினையும் ஊமையாக்கினால் கொழும்புக்கு அனுப்பித்தான் திருத்த வேணும். மாசக்கணக்காகும்.”

வாயசைவில் இதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தவர், வரிசையில் அடுத்திருந்த பெண். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தின் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைமடுவம்.

“எனக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும் மிஸ்,” என்றார் அவர், காதில் விழாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

“ஏன் அவசரம்?”

தோட்டத்து மக்களின் நலனைக் கவனிக்கும் வெல்பெயார் அதிகாரி பக்கத்தில் நின்று பதில் சொன்னார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து படித்து அந்த வேலைக்கு வந்த இளம் பெண். எல்லோரும் அவரையும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அவரை வெல்பெயார் மிஸ் என்றே சொல்கிறேன்.

“போன மாசம் ஒரு புள்ள பின்பக்கம் படியில விழுந்து அழுதிருக்கு மிஸ். இவங்க இந்தப் பக்கம் தொட்டில ஆட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. பத்து மணிக்கு பால் குடுக்க வந்த தாய்தான் தூக்கிச்சு. மனேஜர் பெரியதொர வரைக்கும் போயிருச்சு. காது சரியில்லனா மாசம் ஒன்னாந்தேதியிலருந்து ஆயாவ கொழுந்துக்கு போடச் சொல்லிட்டாரு.”

ஆயா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரிசோதகரிடம் திரும்பினார். “இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் மல ஏறுறதாங்க? ஏறிருவேன். எறங்குறதுக்கு ஆள் வேணும்.”

பரிசோதகர் தன் நாட்காட்டியைப் பார்த்து, இருபத்தைந்தாம் தேதி இன்னொரு விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதற்குள் நம்பக்கூடிய அடாப்டர் ஒன்று வேண்டும். அதைத் தேடுவது என் வேலை. அன்று ஆயாவுக்குச் சோதனை மட்டும் நடந்தது. ஜன்னலைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார். பின்னால் பரிசோதகர் ஒலி எழுப்பும் கருவியோடு. சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும். ஆயா தயக்கமில்லாமல் அமத்தினார். முடிவைப் பார்த்த பரிசோதகர், நினைத்த அளவுக்கு மோசமில்லை என்றார்.

மத்தியானம் பஸ் வர நேரமிருந்ததால் நான் ஆயாவோடு பிள்ளைமடுவத்துக்குப் போனேன். நீளமான ஒரே அறை. கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு தொட்டிலின் அடியிலிருந்தும் ஒரு சேலைக்கரைக் கிழிசல் கயிறாக இறங்கி, நடுவிலிருந்த ஆயாவின் பலகைக்கு வந்தது. அவர் உட்கார்ந்ததும் கயிறுகளின் நுனியிலிருந்த வளையங்களைக் கால் விரல்களிலும் கணுக்காலிலும் மாட்டிக்கொண்டார். ஒரு குழந்தை உதைத்தால் அந்த விரல் அசையும். எழுந்திருக்காமலே காலை ஆட்டினார். அந்தத் தொட்டில் மட்டும் ஆடியது. அழுகை தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்று விளங்கியது. எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ ஏற்பாடுகளைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். இதைவிடச் சிக்கனமாக யோசிக்கப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை.

“நல்ல யோசனை,” என்றேன், அவர் என் வாயைப் பார்க்கும்படி.

“தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கு சரிங்க. நடக்குற புள்ளைக்கு எங்க கவுறு கட்டுறது?”

கொழுந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தாய் வாசலில் நின்று சிரித்தாள். “ஆயாவுக்கு காது வந்துட்டா நாங்க எங்க போயி ஒங்கள பத்தி பேசுறது ஆயா? இப்ப நிம்மதியா பக்கத்துலயே பேசிக்கிறோம்.”

“ஒன் வாய பாத்தாலே போதும்டி. காதுல வேற வாங்கணுமா?”

அட்டனுக்குத் திரும்பியதும் தேடத் தொடங்கினேன். பரிசோதகர் எனக்குச் சொல்லியனுப்பியது சுருக்கமானது: உறையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், விலையையும் நம்ப வேண்டாம். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே உறை என்று இருக்கும். உள்ளே இருக்கும் சில்லு ஒன்றில் அசலாகவும் இன்னொன்றில் போலியாகவும் இருக்கும். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இது எனக்குப் பழகிய சங்கடம்தான். நாளிதழில் ஒரே தாளில், ஒரே முத்திரையோடு வரும் இரண்டு அறிக்கைகளில் எது உண்மை என்று தாளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

கொழும்புக்கு ஒரு வேலையாகப் போனபோது இரண்டு வாங்கினேன். ஒன்று சாம்பல் நிறத்தில் கனமாக, கைக்கு மதிப்பாக இருந்தது. மற்றது கம்பியே இல்லாமல் தீப்பெட்டி அளவில் இருந்தது. இரண்டு கடைக்காரர்களும் தங்களுடையதுதான் நல்லது என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளோடு பேச தோட்டத்து மக்கள் வரும் கடை. முதலாளி சிங்களவர், அறுபதை நெருங்கியவர். வாடிக்கையாளர்களிடமிருந்து கற்ற தமிழை அவர்களைப் போலவே பேசுவார். அவரிடமும் அடாப்டர்கள் விற்பனைக்குத் தொங்கின. எது நல்லது என்று கேட்க வாயெடுத்தவன், மாற்றிக் கேட்டேன்.

“மொதலாளி, நீங்க எத பாவிக்கிறீங்க?”

 அவர் மேசைக்கு அடியில் கையைக் காட்டினார். தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்குப் போடும் மீட்டரிலிருந்து ஒரு கறுத்த கம்பி கணினிக்குப் போயிருந்தது. அதன் திருகாணிகளில் துரு. உடம்பில் ஒட்டியிருந்த தாள் உரிந்து, என்ன பெயர் என்பதே தெரியவில்லை.

“அது விக்கிறதுக்கு இல்ல மாத்தையா. அது வேலையில இருக்கு.”

“எத்தன காலமா?”

“கட தெறந்த காலத்துலருந்து. நானும் அதுவும் ஒரே நாள்லதான் லீவு எடுப்போம். போயா அன்னைக்கு.”

“சுவத்துல தொங்குறதெல்லாம்?”

“அது ஒங்கள மாதிரி ஆள்களுக்கு.”

ஆயாவின் கதையைச் சொன்னேன். பிள்ளைமடுவம், படியில் விழுந்த பிள்ளை, மாதக் கடைசி. அவர் சுவரில் தொங்கியவற்றையும் மேசைக்கு அடியில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். சோதித்துப் பார்க்க, கடை பூட்டியிருக்கும் அடுத்த போயா தினமான பௌர்ணமியன்று இரவல் தருவதாகவும், ஆனால் அதற்கு முந்தியோ பிந்தியோ ஒரு மணி நேரம்கூட இல்லை என்றும் சொன்னார்.

அந்தப் போயா தினத்தில் நான்கு அடாப்டர்களோடும் முகாமின் மடிக்கணினியோடும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். முகாமில் என்னிடம் விட்டுப்போன நீலத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பரிசோதகர். தோற்றதை வைத்துத்தான் மற்றதை அளக்கலாம் என்றார். அவர் வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே லீக்ஸ் தோட்டமும் பனிமூட்டமும். மேசையில் பழைய பத்திரிகையை விரித்து நான்கையும் கிடத்தி, நகச்சாயத்தால் ஆளுக்கொரு புள்ளி வைத்தார்.

எதையாவது அனுப்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அனுப்பவில்லை. நீலத்தைப் பொருத்தி, வந்து சேரும் எழுத்துகளைக் காட்டும் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திரையில் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன பார்க்கிறீங்க?”

“ஒண்டும் அனுப்பாம விட்டால் என்ன செய்யுது எண்டு.”

சற்று நேரத்தில் திரையில் ஒரு சதவீதக் குறி வந்தது. பிறகு இரண்டு கட்டங்கள், ஒரு கேள்விக்குறி. யாரும் எதையும் அனுப்பவில்லை. மறுமுனையில் எதுவும் பொருத்தப்படவில்லை.

“பாத்தியளே? கதவைத் தட்டாமலே ‘வாறன், வாறன்’ எண்டு சொல்லுறார். இவரை நம்பி நான் ஒரு காதுக்குள்ள எழுதினனான்.”

மற்ற மூன்றும் அமைதியாக இருந்தன. அடுத்து, சிறு தொலைபேசிக் கம்பித் துண்டொன்றால் ஒன்பது ஊசிகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்தார். ஒன்று பேசும் ஊசி, மற்றது கேட்கும் ஊசி. இரண்டும் சேர்ந்தால், அனுப்பியது அப்படியே திரும்பி வரவேண்டும். அனுப்பியது அவருடைய பல்கலைக்கழக ஆய்வறிக்கையை.

“பரீட்சகருக்குப் பிறகு இதை ஒருத்தரும் வாசிக்கேல்ல அண்ணை. இண்டைக்கு இவையளாவது வாசிக்கட்டும்.”

போனதையும் வந்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட ஒரு நிரல் வைத்திருந்தார். சாம்பல் நிறம் முழு அறிக்கையையும் ஒரு பிழையில்லாமல் திருப்பித் தந்தது. நான் அதைத் தெரிவுசெய்யலாமே என்றேன். அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். குடித்து முடித்த பிறகு சாம்பல் நிறத்துக்கு மறுபடி ஒரு பக்கத்தை அனுப்பினார். எதுவும் திரும்பி வரவில்லை. கணினி மின்சாரத்தைச் சேமிக்கச் சற்றே கண்ணயர்ந்தபோது அடாப்டரும் தூங்கியிருக்கிறது. கணினி விழித்தபின்னும் அது விழிக்கவில்லை.

“முகாமில ஒரு ஆளோட கதைக்க அரை மணித்தியாலம் போகும். அதுக்குள்ள நித்திரை கொண்டால் எனக்குச் சரிவராது. மேசைக் கொம்பியூட்டருக்கு நல்ல சாமான். அது நித்திரை கொள்ளாமப் பண்ணி வைக்கலாம்.”

தீப்பெட்டி அளவிலானது வேறு மாதிரி. எந்த வாயில் செருகினாலும் அந்த வாய்க்கு ஒரு புதிய இலக்கத்தை எடுத்துக்கொண்டது. பெட்டியின் நிரலோ பழைய இலக்கத்திலேயே அதைத் தேடியது. தோட்டத்து மேசையில், அவசரத்தில், எந்த வாயில் செருகினோம் என்று யார் நினைவு வைப்பது என்று கேட்டு அதையும் ஒதுக்கினார்.

கடைசியில் முதலாளியின் கறுப்பு. அது சும்மா இருந்தது. அறிக்கையைத் திருப்பித் தந்தது. தேநீருக்குப் பின்னும் விழித்திருந்தது. எந்த வாயில் செருகினாலும் அதே இலக்கத்தையே சொன்னது. பிடுங்கிச் செருகினார், கம்பியை அசைத்தார், அதே மின் இணைப்பில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டு அணைத்தார். பிறகு சாம்பல் பெட்டியைப் பொருத்தி, பழுதாகி ஒதுக்கிய ஒரு கேட்கும் கருவியில் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்தார். மாற்றி எழுதினார், மறுபடி வாசித்தார். நாளிதழில் வெளியூர் நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்வார்கள்; எழுதி முடித்ததும் நாங்கள் அதைத் திரும்ப வாசித்துக் காட்டுவோம். நிருபர் கேட்டு ‘சரி’ என்ற பிறகுதான் அது செய்தி. தலையங்கம் எழுதிய பலருக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. இவர் யாரும் பார்க்கத் தேவையில்லாத ஓர் அறையில், ஒரு விடுமுறை நாளில், ஒரு கம்பித் துண்டுக்காக அதைச் செய்துகொண்டிருந்தார்.

“எப்படி?” என்றேன்.

“இது காணும், இதுவே போதும்,” என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் புகழ்ந்தது.

கறுத்த சாளரம் இன்னும் திறந்திருந்தது. எதுவும் அனுப்பப்படவில்லை, எதுவும் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரெனக் கேட்டார்.

“அண்ணை, அண்டைக்கு அந்த ஆயாவைச் சோதிச்சனான் எல்லே. நான் சத்தம் குடுக்காமக் கொஞ்ச நேரம் இருந்தனானோ?”

நான் கவனித்திருக்கவில்லை.

“இருக்கேல்ல. அந்த ஊமை மெஷின் விசரில அதைச் செய்யாம விட்டிட்டன்.”

சோதனையில் இடையிடையே ஒலி எழுப்பாமல் காத்திருக்க வேண்டுமாம். ஒலி இல்லாதபோதும் பொத்தான் அமத்தப்பட்டால் அந்தச் சோதனை பிழை. தோட்டங்களில் இது அடிக்கடி நடக்கும் என்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, ‘இல்லீங்க’ என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைப்பவர்கள் அங்கே அதிகம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் துரை எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்றே பழகிய வாய்கள். ரோலர் தொழிலாளி ஊமைக் கருவியோடு சிரித்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

கொமியூனிகேஷன் முதலாளியிடம் பண்டமாற்று பேசினேன். அவருடைய கணினி நாள் முழுக்கத் தூங்காதது. சாம்பல் நிறம் அதற்குப் பொருந்தும். பரிசோதகர் சொன்னபடி மின்சேமிப்பை நிறுத்தி, நானே பொருத்தி, ஒரு முழுநாள் கணக்குப் பிழைக்காமல் ஓடுவதைக் காட்டிய பிறகுதான் அவர் கறுப்பை விட்டார்.

“புதுசு நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா எனக்கு இன்னும் பழக்கமில்ல. போகட்டும், புள்ள அழுதா ஆள் வரணும்.”

இருபத்தைந்தாம் தேதி மழைக்குளிர். டிஸ்பென்சரியில் அதே மேசை, ஜன்னலைப் பார்த்த அதே நாற்காலி. ஆயா வந்து உட்கார்ந்ததும் பரிசோதகர் வெல்பெயார் மிஸ்ஸிடம், “தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமோ?” என்றார். அவர் போனபிறகு கதவைச் சாத்தினார்.

ஒலி எழுப்பினார். ஆயா அமத்தினார். மறுபடி எழுப்பினார், அமத்தினார். மூன்றாவது முறை அவர் எதையும் எழுப்பவில்லை. முழங்கையை மட்டும் சற்று அசைத்தார். ஆயா அமத்தினார்.

பரிசோதகர் முன்னால் வந்து, ஆயாவின் எதிரே நின்றார். “நான் இப்ப சத்தம் குடுக்கேல்ல ஆயா.”

ஆயா பொத்தானை மடியில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெளிவாகத் தெரிந்தோம்.

“கண்ணாடியில ஒங்க கை தெரிஞ்சிச்சுங்க,” என்றார் ஆயா. “அன்னைக்கும் கை அசையும்போதுதான் அமத்துனேன்.”

“ஏன்?”

“கேக்கலனு வந்தா எழுதிருவீங்கள்ல. அந்த தாள் ஆபீசுக்கு போயிரும்ல.”

பரிசோதகர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து ஆயாவுக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, வாய் தெரியும்படி பேசினார். “நீங்கள் கேக்குது எண்டு சொன்னால், நான் மெஷினில சத்தத்தைக் கூட்ட மாட்டன். குறைவாத்தான் வைப்பன். பிறகு மெஷினைப் போட்டுக்கொண்டு இருந்தாலும் புள்ளை அழுறது கேளாது. அப்ப என்ன செய்வியள்?”

ஆயா யோசித்தார். “அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மிஸ்.”

“பிழைதான்,” என்றார் பரிசோதகர், சிரித்துக்கொண்டு. “எழும்புங்கோ.”

நாற்காலி சுவரைப் பார்க்கத் திருப்பப்பட்டது. எதிரே லட்சுமி படம் போட்ட கலண்டர் மட்டும். இந்த முறை ஆயா பல இடங்களில் பொத்தானை அமத்தாமல் இருந்தார். அமத்தாமல் இருப்பது அவருக்குச் சிரமமாக இருந்ததைக் கட்டைவிரலில் பார்த்தேன். முடிவு, முந்தியதைவிட மிக மோசம். குழந்தையின் அழுகை எந்தச் சுருதியில் இருக்குமோ அங்கேதான் அவருக்கு அதிகம் போயிருந்தது.

கறுத்த அடாப்டர் கணினியில், அதிலிருந்து சாம்பல் பெட்டி, பெட்டியிலிருந்து மெல்லிய கம்பி ஆயாவின் காதுக்குப் பின்னால் இருந்த கருவிக்கு. ஆயா கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னையும் தொட்டில்ல கட்டிட்டீங்களா?”

எழுதத் தொடங்கியது. நான் திரையைப் பார்த்தேன். ‘எழுதி முடிந்தது’ என்று வந்தது. பரிசோதகர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலோட்டினார். பிறகு கம்பியைக் கழற்றி, ஆயாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் கேட்டார்.

“இண்டைக்கு மத்தியானம் என்ன கறி?”

“பருப்புதான். வேற என்னா இருக்கு,” என்ற ஆயா, கொஞ்சம் பொறுத்து, “யாரு மிஸ் இங்க சல்லட ஆட்டுறது?” என்றார்.

கணினிக்குள் சுழன்ற மின்விசிறி அது. பரிசோதகர் மறுபடி கம்பியை மாட்டி அந்தச் சுருதியைச் சற்றுக் குறைத்தார். எழுதி, வாசித்து, ஒப்பிட்டார். வெல்பெயார் மிஸ் தேநீரோடு கதவைத் திறந்தார்.

“செருப்ப தேச்சிக்கிட்டே நடக்குறீங்க மிஸ்,” என்றார் ஆயா, திரும்பாமல். “இத்தன நாளா யாருமே சொல்லலயா?”

பரிசோதகர் வெல்பெயார் மிஸ்ஸிடம் எதையும் மறைக்கவில்லை. “மெஷின் இல்லாமல் இவவுக்குக் கேளாது. மெஷினோட கேக்கும். ரெண்டையும்தான் எழுதப்போறன்.”

“தொர மொத வரியத்தான் பாப்பாரு மிஸ்.”

“அப்ப ரெண்டாவதை நீங்கள் போய்ப் பாத்திட்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

ரோலர் தொழிலாளிக்கு அன்று வேறொரு கருவி எழுதப்பட்டது. தன் பெயரைச் சரியாகச் சொன்னார். அது நன்றாக இல்லை, இரைச்சலாக இருக்கிறது என்றும் சொன்னார். பரிசோதகர் அந்த முறைப்பாட்டில் மகிழ்ந்துபோய் உடனே சரிசெய்யத் தொடங்கினார்.

இனிச் சொல்வது நான் நேரில் பார்த்ததல்ல. வெல்பெயார் மிஸ் அட்டனுக்கு வந்தபோது சொன்னது. மாதம் முடிவதற்கு முன் ஒரு நாள் அவர் பிள்ளைமடுவத்துக்குப் போய், காரணம் சொல்லாமல், காலை முழுவதும் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆயாவும் ஏன் என்று கேட்கவில்லை. வெளியே மழை. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு, நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளையொன்று பின்பக்கத்துத் தண்ணீர்ப் பீலியடியில் வழுக்கி விழுந்து அழுதது. வெல்பெயார் மிஸ் எழுந்தார். அவர் பின்கதவை அடைந்தபோது ஆயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“தள்ளுங்க மிஸ்,” என்றாராம்.

அன்று பின்னேரம் வெல்பெயார் மிஸ் பெரியதுரையின் ஆபீசுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதம் முதலாம் தேதி காலைப் பெரட்டில், கொழுந்துக்குப் போகிறவர்களின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஆயாவின் பெயர் அதில் இருக்கவில்லை. அந்நேரம் அவர் பிள்ளைமடுவத்தைத் திறந்திருந்தார்.